காயாத ஸ்லைடு

சென்ற மாதம் ஒரு காலையில் காவ்யா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். திருப்பதியில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்திருக்கும் டெக்னீஷியன் அவள். படத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடு, அதன் மேல் பளபளவென்று ஈரம். கீழே எழுதியிருந்தாள்: "மேடம், காதுக்குக் கீழ கட்டி. ஊசி போட்டு எடுத்தது. ஃபேனுக்கு அடியில வெச்சு அரை மணி நேரம் ஆச்சு, காயவே மாட்டேங்குது. துடைச்சுப் போட்டுட்டு வேற சாம்பிள் கேக்கட்டுமா?"

"துடைக்காதே. அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடு" என்று பதில் போட்டேன். மாலையில் மறுபடி செய்தி வந்தது. வெறும் கொழுப்புக் கட்டியாம், ஸ்கேனிலும் அப்படித்தான் தெரிந்ததாம், அறுக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். படத்தைப் பார்த்ததுமே உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கேள்வி, பின்னால் இரண்டு கைகூப்பும் பொம்மைகள். "எல்லாம் அனுபவம்தான்" என்று பெரிய மனுஷி மாதிரி எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த அனுபவத்தை இங்கே எழுதிவிடுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் ஊர் புத்தூர். சித்தூரில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஏழெட்டு வருட வேலை. ரத்தம், சிறுநீர், சளி, மலேரியா என்று அந்த வருடங்கள் ஓடிப் போயின. சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பிறகு திருப்பதிக்கு மாற்றல் வந்தது. கட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் போட்டார்கள். அங்கேதான் சுகுணா மேடத்திடம் மாட்டினேன்.

சுகுணா மேடம் எங்கள் பிரிவின் பெரிய டாக்டர். தெலுங்குதான் பேசுவார். நாங்கள் நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் தமிழில் பேசிக்கொள்வது அவருக்கு நன்றாகப் புரியும், ஆனால் புரியாத மாதிரியே உட்கார்ந்திருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அந்த இரண்டு நிமிடம் எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அவருடைய உயிர் ஸ்லைடின் சுத்தத்தில் இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த புது ஸ்லைடிலும் மெல்லிய பிசுக்கு இருக்கும். அதை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டு, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணியால் ஓரத்தைப் பிடித்துத் துடைக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்த்தால் மூச்சின் ஆவி ஒரே சீராகப் படிந்து ஒரே சீராக மறைய வேண்டும். எங்கேயாவது திட்டாக நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஸ்லைடில் எண்ணெய் இருந்தால், அன்று துடைத்த ஐம்பதும் திரும்பி வரும்.

எனக்கோ தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னாவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பிய மாதிரியே இருக்காது. ஒரு திங்கட்கிழமை, மாணவர்கள், நர்சுகள் எல்லோரும் நிற்கும்போது மேடம் என் ஸ்லைடைத் தூக்கிப் பிடித்து, "இதி ஸ்லைடா, தோசை பெனமா?" என்றார். பெனம் என்றால் தோசைக்கல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கழிப்பறைக்குப் போய் அழுதேன். மறுநாள் முதல் தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். முடி தேங்காய் நார் மாதிரி ஆனதுதான் மிச்சம், பயம் போகவில்லை.

அந்த வாரம்தான் ரத்னம் அண்ணனை எங்கள் லேபுக்கு அழைத்துப் போனேன்.

ரத்னம் அண்ணன் என்கிற முனிரத்தினம் பஸ் கண்டக்டர். விஜயபுரம் பக்கத்துக் கிராமம், நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ். புத்தூரில் நான் தினமும் ஏறுவது அவர் பஸ்ஸில்தான். என்னை "லேப் மேடம்" என்பார். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், "லேப் மேடத்துக்கு எடம் வுடுங்கப்பா, கையில ஊசி கீது, அப்புறம் ரத்தம் எடுத்துடுவாங்க" என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ஒரு தடவை தமிழிலும் ஒரு தடவை தெலுங்கிலுமாகக் கூவுவார். இரண்டிலும் ஒரே பெயர்தானே என்று கேட்டால், "ராகம் வேற மேடம்" என்பார். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வண்டி பின்னால் போகும்போது அவர் ஊதும் விசிலுக்கு மாடுகூட ஒதுங்கும்.

அவருடைய இடது காதுக்குக் கீழே ஒரு புடைப்பு இருந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு, ஆறேழு மாதத்தில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"அது இன்னாண்ணா காதாண்ட?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொசு கட்ச்சிருக்கும் மேடம்."

"ஆறு மாசமா ஒரே கொசுவா?"

சிரித்தார். ஆனால் டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, "பயமா கீது மேடம். எங்க வூட்டுக்காரியோட அண்ணன் வாயில புத்து வந்து தான் செத்தாரு. அதுலேர்ந்து அவ என் மூஞ்சியவே பாத்துகினு கீறா" என்றார். நான்தான் தைரியம் சொன்னேன். வலி இல்லை, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது, ஒரு ஊசி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், நானே கூட இருக்கிறேன் என்றேன். நான் சொல்லியிராவிட்டால் அவர் வந்திருக்க மாட்டார்.

காதுக்கு முன்னும் கீழுமாக இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. பொன்னுக்கு வீங்கி என்கிற புட்டாளம்மையில் வீங்குவது அதுதான். அதன் நடுவே முகத்தை அசைக்கும் நரம்பு கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. கண்ணை மூடுவது, உதட்டைக் குவிப்பது, சிரிப்பது எல்லாம் அந்த நரம்பால்தான். அதனால் அந்த இடத்துக் கட்டியை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் தொடக் கூடாது. அங்கே வரும் கட்டிகளில் வெறும் கொழுப்புக் கட்டி மிகவும் அபூர்வம். வந்தாலும் டாக்டர்களை ஏமாற்றிவிடும். ஊசியில் கொழுப்பு வந்தால், ஊசி கட்டிக்குள் போகாமல் தோலுக்கு அடியில் இருக்கும் சாதாரணக் கொழுப்பில் குத்திவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சுகுணா மேடம் மட்டும் கொழுப்பு வந்தால் விடமாட்டார். கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேறு திசையிலிருந்து மறுபடி குத்துவார். அப்போதும் கொழுப்பே வந்தால், கட்டியே கொழுப்புதான் என்று எழுதுவார். இப்போது மாதிரி எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் எடுக்கிற வழக்கம் எங்களிடம் அன்றைக்கு இல்லை.

அன்று மேடம் அவருக்கு ஊசி போட்டார். ஊசியை உள்ளே நான்கைந்து தடவை முன்னும் பின்னுமாக அசைத்து, வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவசரமாகக் கூப்பிட, "நுவ்வு சூஸ்கோ" என்று, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஊசியைக் கழற்றி, சிரிஞ்சில் காற்றை இழுத்து, மறுபடி மாட்டி, உள்ளே இருந்ததை ஸ்லைடுகளில் ஊதித் தள்ளினேன். ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து இழுத்தேன். ஆறு ஸ்லைடு. இரண்டை உடனே ஆல்கஹால் ஜாடியில் போட்டேன். நான்கைக் காயவைத்தேன். எங்கள் முறை அதுதான்.

நான்கும் காயவில்லை. ரசத்தின் மேல் மிதக்கிற மாதிரி பொடிப் பொடியாக எண்ணெய்த் துளிகள் மின்னின. ஃபேனுக்கு அடியில் வைத்தேன், ஜன்னலோரம் வைத்தேன். அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தன.

என் மனதில் அப்போது ரத்னம் அண்ணன் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திங்கட்கிழமைச் சிரிப்புதான் இருந்தது. கையை முகர்ந்து பார்த்தேன். தலைக்கு எண்ணெய் வைத்தே நான்கு நாள் ஆகிறது, இருந்தும் என் கை எண்ணெய்தான் ஸ்லைடில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். மேடம் வந்து பார்த்தால் மறுபடி தோசைக்கல் கதைதான். நான்கு ஸ்லைடையும் கழிவு வாளியில் போட்டேன். ஆல்கஹாலில் இருந்த இரண்டுக்கு மட்டும் சாயம் ஏற்றி மேடத்தின் மேசையில் வைத்தேன். ஆல்கஹால் கொழுப்பைக் கரைத்துவிடும் என்பது படித்த எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை.

மேடம் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். கொஞ்சம் ரத்தமும் இரண்டு நார்களும்தான் இருந்திருக்கும். தலையைத் தூக்கி, "ரெண்டே ஸ்லைடா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"அவ்ளோதான் மேடம் வந்துச்சு" என்றேன்.

'பொருள் போதவில்லை, ஊசிப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டும்' என்று எழுதினார்.

மறுநாள் பஸ்ஸில் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். "மறுபடினா இன்னா அர்த்தம் மேடம்?" என்றார். ஒன்றுமில்லை, சரியாக வரவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். அவருடைய மனைவி சரோஜா அம்மாவுக்கு 'மறுபடி' என்ற அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் அண்ணனுக்கும் இப்படித்தான் மறுபடி மறுபடி என்றார்களாம். ஊசி குத்தக் குத்தப் புற்று பரவும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. திங்கட்கிழமை ரத்னம் அண்ணன் வரவில்லை. பஸ்ஸிலும் இல்லை, லீவு என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, வேறொரு ஊரில் ஒரு சிறிய நர்சிங் ஹோமிலிருந்து எங்களுக்கு ஒரு ஊறுகாய் பாட்டில் வந்தது.

ஊறுகாய் பாட்டிலில் வருவது புதிதல்ல. சின்ன இடங்களிலிருந்து அறுத்து எடுத்த பாகங்கள் கைக்குக் கிடைத்த பாட்டிலில், கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றித்தான் வரும். லேபிளைப் பார்த்தேன். முனிரத்தினம், விஜயபுரம். பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கினேன்.

உடம்பிலிருந்து அறுத்து எடுத்த எந்தச் சதையும் ஃபார்மலினில் அடியில் போய் உட்காரும். கொழுப்பு மட்டும்தான் மிதக்கும். பாட்டிலில் இருந்தது மிதந்தது. ஒரு ஓரத்தில் சுரப்பியின் பழுப்புத் துணுக்கு ஒட்டியிருந்ததால் அந்தப் பக்கம் கனத்து, சாய்ந்து மிதந்தது. மஞ்சள் நிறம், மேலே வெங்காயத்தோல் மாதிரி ஒரு உறை. லேபிளை இன்னொரு தடவை படித்தேன்.

மேடம் வந்தார். பாட்டிலைப் பார்த்தார். எடுத்து வைத்து, நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டினார். கத்தியில் பிசுக்கு ஒட்டியது. அதை அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு ஸ்லைடுல எண்ணெய் தெரியலையா?"

"இல்ல மேடம்."

கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு தெலுங்கில், அப்படியானால் என் ஊசிதான் தப்பான இடத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார். அன்றிலிருந்து எந்தக் கட்டிக்கும், என்ன வந்தாலும், இரண்டு தடவை குத்திப் பார்ப்பது என்று பழக்கம் வைத்துக்கொண்டார். தன் கையையே நம்பாதவர் மாதிரி ஆகிவிட்டார். புது டாக்டர்களுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம், தான் ஒரு தடவை கொழுப்புக் கட்டியைத் தவறவிட்ட கதையைத் தன் தப்பாகவே சொல்வார். நான் பக்கத்தில் நின்று ஸ்லைடு துடைத்துக்கொண்டிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. கடைசிவரை நான் சொல்லவில்லை.

ரத்னம் அண்ணனை ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். பஸ்ஸில் ஏறியதும், "லேப் மேடத்துக்கு எடம்" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இடது பக்க வாய் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இடது கண் பாதிதான் மூடியது. பேசும்போது வாயோரம் எச்சில் வழிய, துண்டால் ஒற்றிக்கொண்டார். புற்றாக இருக்குமோ என்று ஆழமாக அறுத்திருக்கிறார்கள், நரம்பும் போய்விட்டது. நிறுத்தங்களின் பெயரைக் கூவிப் பார்த்தார், உதடு சேரவில்லை, காற்றுதான் வந்தது. பஸ் ஸ்டாண்டில் விசிலை வாயில் வைத்தார். அது ஓரமாக நழுவிக் கீழே விழுந்தது. ஒரு சின்னப் பெண் குழந்தை அவரைப் பார்த்து அழுதது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று மாதத்தில் அவராகவே கேட்டு டிப்போவுக்குள் டயர் ஸ்டோரில் ஒரு வேலைக்கு மாறிப் போனார். அதற்கு முன்பே நான் ரயிலுக்கு மாறிவிட்டேன். அவர் இருக்கும் பஸ்ஸில் உட்கார என்னால் முடியவில்லை.

அதற்கப்புறம் என் வேலைக்காலத்தில் அந்தச் சுரப்பியில் கொழுப்புக் கட்டியை மூன்று தடவை பார்த்தேன். காளஹஸ்தியிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்கு ஊசி போட்டபோது ஸ்லைடு மின்னியது. ஈர ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், எண்ணெய், எண்ணெய்" என்று வராந்தாவில் ஓடினேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணி அறுக்காமலே வீட்டுக்குப் போனார். கெட்டிக்காரி என்று மேடம் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டல் எனக்கு அடி மாதிரி விழுந்தது.

ஓய்வு பெற்ற பிறகு மனது இன்னும் மோசமாகிவிட்டது. வேலை இருக்கும்போது மறந்திருக்க முடிந்தது, வீட்டில் முடியவில்லை. போன வருடம் ஒரு நாள், விஜயபுரம் போய் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். வேர்க்கடலை காயப்போட்டிருந்த களத்தோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். "சரோஜா, யார் வந்துகீறாங்க பாரு, லேப் மேடம்" என்றார். சரோஜா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்துவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று நேராகச் சொன்னேன். "அண்ணா, அன்னிக்கி ஊசியில கொழுப்பு வந்துச்சு. எண்ணெயா வந்துச்சு. நான் என் கை எண்ணெய்னு நெனச்சு, திட்டு வாங்கணுமேன்னு தூக்கிப் போட்டுட்டேன். மேடம் கேட்டதுக்குப் பொய் சொன்னேன். என்ன மன்னிச்சிடுங்க."

அவர் சிரித்தார். "அதுக்கு இன்னா மேடம் இப்போ? அதான் ஆப்பரேஷன் பண்ணி எடுத்துட்டாங்களே."

"எடுத்திருக்கவே வேணாண்ணா."

"புத்த எடுக்காம வுடுவாங்களா?"

"அது புத்து இல்லண்ணா. ரிப்போர்ட்ல போட்டிருந்துச்சே, புத்து இல்லன்னு."

"இல்லன்னுதான் போட்டிருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, இனிமே இல்லன்னு நெனச்சிகினு கீறோம்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருடமாக அவருக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். முகத்தைக் கொடுத்து உயிரை வாங்கியிருக்கிறோம் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்போ அத்த அப்டியே வுட்டிருந்தா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு பொய் சொன்னவளுக்கு மூன்றாவது என்ன கஷ்டம்? ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்திருந்தேன். "இன்னிக்கும் அது காதாண்ட இருந்திருக்கும்ணா. அவ்ளோதான். உங்கள ஒண்ணும் பண்ணியிருக்காது" என்றேன்.

அவர் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் வழிந்ததை ஒற்ற மறந்துவிட்டார். என் பாரத்தை இறக்கி வைக்கப் போனவள், அதை எடுத்து அவர் தலையில் வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "மேடம், இத்த சரோஜா காதுல போட்டுடாதீங்க. நான் ஆப்பரேஷன் வேணான்னு தான் சொன்னேன். அவதான் தாலிய கையில புட்ச்சிகினு அழுது என்ன இட்டுகினு போனா. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

சரோஜா அம்மா காபியோடு வந்தார். பேச்சு எதைப் பற்றி என்று அவரே ஊகித்துக்கொண்டார். "அன்னிக்கி நீங்க தானே மேடம் பாத்து சொன்னீங்க. இல்லன்னா எங்க அண்ணன் மாதிரி இவரும் போயிருப்பாரு. மூஞ்சி போனா போவுது, மனுசன் கீறாரு இல்ல?" என்றார்.

"ஆமா" என்றார் ரத்னம் அண்ணன். என்னைப் பார்த்து, நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

"ஆமாம்மா" என்றேன். காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

சரோஜா அம்மா எங்களைப் போலத்தான் தமிழ் பேசுவார். ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளியில், தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ரத்னம் அண்ணனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இது அவர் கைக்குப் போனாலும், அவர் வாய்விட்டுப் படிக்க மாட்டார்.